ஷவர் வாங்கும் முன் மொட்டை மாடிக்கு ஒரு நடை ஏறிப் பாருங்கள்

பாத்ரூம் ஷவர் வேலையில் நடக்கும் தப்புகளைத்தான் சொல்லப் போகிறேன். குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் டெஃப்லான் டேப்பைச் சுற்றாதது, லைனைச் சோதிக்காமல் டைல்ஸ் ஒட்டுவது எல்லாம் எந்த மேஸ்திரியும் சொல்லிவிடுவார், அவற்றை விடுகிறேன். புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்கள், நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்தைப் புது மாடல் ஷவரை வைத்து அடிக்கிறார்கள். பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

பிரஷர் பார்க்காமல் ரெயின் ஷவர்

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஷோரூமில் தட்டு அகல ரெயின் ஷவரைத் திறந்து காட்டினால் கொட்டோ கொட்டென்று கொட்டும். பின்னால் பம்ப் ஓடும். நம் வீட்டில் தண்ணீர் வருவது மாடி டேங்கிலிருந்து, வெறும் உயரத்தின் பலத்தில். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தின் அளவு) பிரஷர். மூன்றடி மேடையில் டேங்க், பத்தடிக் கூரை, ஏழடியில் ஷவர் என்றால் மேல்தளத்து பாத்ரூமுக்குக் கிடைப்பது சுமார் 2 மீட்டர், அதாவது 0.2 பார். பெரிய ரெயின் ஷவர்கள் பலவற்றுக்கு 1 பாராவது வேண்டும். பெட்டியிலேயே போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. அதையும் கூரையிலிருந்து தொங்கவிட்டால் இருக்கிற உயரத்திலும் பாதி போச்சு.

தஞ்சாவூரில் ஒரு மாடி வீடு. பாத்ரூம் கூரையில் 12 இன்ச் ரெயின் ஷவர். திறந்தால் நடுத் துளைகளில் மட்டும் நூல் நூலாக இறங்கியது. ஓரத்துத் துளைகள் நனையவே இல்லை. "இதுக்குச் சொம்பே தேவலை தம்பி" என்றார் வீட்டுக்கார அம்மா. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வேலை எடுத்த பையன் ஒரு பிரஷர் பம்பை வாங்கி வந்து பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் மாட்டிவிட்டான். வெந்நீரோ சோலார் ஹீட்டரிலிருந்து சும்மா இறங்கி வருவது. வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் மிக்ஸர் குழாயை நடுவில் வைத்ததும் பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் எதிர்த்து ஏறி, சோலார் டேங்க் நிரம்பி, காற்று போக வைத்த ஏர் வென்ட் குழாய் வழியாக மொட்டை மாடியில் கொட்டியது. கீழே குளிப்பவருக்கு வெந்நீர் வரவே இல்லை. என்னைக் கூப்பிட்டபோது டைல்ஸெல்லாம் ஒட்டி முடிந்திருந்தது.

பம்ப் போடுவதென்றால் இரண்டு லைனுக்கும் சமமான பிரஷர் வர வேண்டும். வென்ட் வைத்த சாதாரண சோலார் டேங்க் பிரஷர் தாங்காது. எனவே அதற்கு வெந்நீர் தாங்கும் தனி பம்பை, டேங்கிலிருந்து வெளியேறும் லைனில் வையுங்கள். கூடவே தண்ணீரை எதிர்த்து ஏற விடாத நான்-ரிட்டர்ன் வால்வு. கரண்ட் போனாலும் தண்ணீர் வர, பம்பைச் சுற்றிப் போகும் ஒரு பைபாஸ் லைன். இவ்வளவும் வயரிங் நடக்கும்போதே முடிவாக வேண்டும்.

பம்ப்பே வேண்டாமா? டேங்கை மாடிப்படி அறைக்கு மேல் ஏற்றுங்கள். இறங்கும் பைப்பை ஒரு இன்ச்சாகப் போட்டு, எல்போ எனும் வளைவுகளைக் குறைத்து, நாலு இன்ச் ஷவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும், ஆனால் குளிக்கலாம்.

கீசர் கணக்கு

15 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குக் காய்ந்த நீரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் இதமான சூட்டில் ஏறக்குறைய 40 லிட்டர் வரும். நிமிஷத்துக்கு 10 லிட்டர் ஊற்றும் ஷவருக்கு அது நாலு நிமிஷம். தலைக்குச் சீயக்காய் தேய்த்து அலசுகிறவர்கள் 25 லிட்டருக்குப் போங்கள்.

வாளிக்குக் குழாய் வைக்காதது

வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். வையுங்கள்.

உப்புத் தண்ணீருக்குக் கண்ணாடித் தடுப்பு

வேண்டாம், உப்புக் கறை படியும். தினமும் துடைக்க ஆள் இருந்தால் உங்கள் பாடு. ஷவரிலும், விரலால் தேய்த்தால் உப்பு உதிர்கிற சிலிக்கோன் முனை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

டைவர்ட்டரைக் கடைசியில் வாங்குவது

தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடுவது டைவர்ட்டர். கன்சீல்ட் டைவர்ட்டர் சுவருக்குள் போவது. எந்த மாடல் என்பது பூச்சு வேலைக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். உள்ளே ஒரு கம்பெனி, வெளியே கைப்பிடி இன்னொரு கம்பெனி என்றால் பொருந்தாது. ஆழமாகப் புதைத்தால் கைப்பிடி எட்டாது, வெளியே துருத்தி நின்றால் முகப்புத் தட்டு சுவரோடு ஒட்டாது. அதோடு வரும் பிளாஸ்டிக் மூடியில் குறைந்த ஆழம், அதிக ஆழம் இரண்டுக்கும் கோடு இருக்கும். பூச்சும் டைல்ஸும் சேர்ந்த கனம் அந்தக் கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். டைல்ஸ் ஒட்டி முடிகிறவரை மூடியைக் கழற்ற விடாதீர்கள். கொத்தனார் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கலவை அப்பினால், உள்ளே போகும் மணல், தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜைக் கடித்துவிடும்.