பழைய பைக்கில் கார் ரெகுலேட்டர்: மாட்டும்போது நடக்கும் தவறுகள்

நாற்பது ஐம்பது வருடப் பழைய பைக்கில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்றால் பலரும் முதலில் சந்தேகப்படுவது ரெகுலேட்டரைத்தான். அசல் ரெகுலேட்டர் தேடினால் லேசில் கிடைக்காது. கிடைத்தாலும், பல வருடம் அலமாரியில் கிடந்த சரக்குக்கு வாய்க்கு வந்த விலை சொல்வார்கள். அதே காலத்துக் கார்களின் ரெகுலேட்டர்களோ இன்றும் புதிதாகத் தயாராகி வருகின்றன, விலையும் குறைவு. அதில் ஒன்றை வாங்கி பைக்கில் மாட்டுவது நல்ல வழி, தயங்காமல் சொல்வேன். ஆனால் மாட்டிவிட்டு, "கார் பாகம் பைக்குக்கு ஒத்துவராது" என்று கழற்றிப் போட்டவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருடைய பாகத்தில் ஒரு குறையும் இல்லை. ஃபீல்டு காயிலின் எந்த முனையை அது கட்டுப்படுத்துகிறது என்று பார்க்காமல் மாட்டியிருந்தார்கள்.

ஃபீல்டு காயில் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில் ஒரு காயிலுக்குப் பேட்டரியிலிருந்து சிறிது கரண்ட் கொடுத்தால் அது காந்தமாகிறது. அந்தக் காந்தம் எவ்வளவு பலமோ அவ்வளவு மின்சாரம் ஸ்டேட்டர் என்ற அசையாத சுருளில் உற்பத்தியாகும். ரெகுலேட்டருக்கு இருப்பது ஒரே வேலை: பேட்டரி வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருந்து, 14 வோல்ட்டைத் தாண்டும்போது ஃபீல்டு கரண்டைக் குறைப்பது, இறங்கும்போது கூட்டுவது. காரிலும் இதே வேலைதான். அதனால்தான் கார் ரெகுலேட்டர் பைக்கில் ஓடுகிறது.

ஃபீல்டு காயிலே இல்லாத வண்டியில் மாட்டுவது

பல பைக்குகளில் நிரந்தரக் காந்தம் வைத்த ஆல்டர்னேட்டர்தான் இருக்கும். லூகாஸ் ஆல்டர்னேட்டர் வைத்த பிரிட்டிஷ் பைக்குகள், பல சிறிய ஜப்பானிய இரட்டை சிலிண்டர் பைக்குகள் எல்லாம் இந்த ரகம். காந்தத்தின் பலத்தை யாராலும் கூட்டிக் குறைக்க முடியாது. அதனால் இந்தக் கார் ரெகுலேட்டருக்கு அங்கே கட்டுப்படுத்த எதுவுமே கிடையாது. அவற்றுக்கு வேறு வகை ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் வேண்டும் (ஏ.சி. கரண்டை டி.சி.யாக மாற்றுவதுதான் ரெக்டிஃபையர்).

டைனமோ (நேரடியாக டி.சி. கரண்ட் தரும் பழைய வகை ஜெனரேட்டர்) வண்டி இன்னொரு வகை; அதில் ஃபீல்டு காயில் இருந்தாலும் இந்த ரெகுலேட்டர் ஆகாது. டைனமோ ரெகுலேட்டருக்குள் கட்-அவுட் என்று ஒரு ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) இருக்கும். இன்ஜின் நின்றதும் பேட்டரியின் கரண்ட் டைனமோவுக்குத் திரும்ப ஓடாமல் அது தடுக்கும். ஆல்டர்னேட்டருக்கான ரெகுலேட்டரில் இந்த கட்-அவுட் கிடையாது, ஏனென்றால் அங்கே அந்த வேலையை, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகளே செய்துவிடுகின்றன. அதைக் கொண்டுபோய் டைனமோவில் கட்டினால் வண்டி நிற்கும்போது பேட்டரி டைனமோ வழியாகவே காலியாகும், ஒயரும் சுடும்.

சரி, எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்? ஹோண்டாவின் பழைய சி.பி. 750, சி.பி. 500, 550 நான்கு சிலிண்டர் வண்டிகள், யமஹா எக்ஸ்.எஸ். 650, 1969-க்குப் பின் வந்த பி.எம்.டபிள்யூ பாக்ஸர்கள் (இரு பக்கமும் சிலிண்டர் நீட்டிய வண்டிகள்). இவற்றில் எல்லாம் ஃபீல்டு காயில் உண்டு.

எந்தப் பக்கம் பிடிக்கிறது?

அதிகமான ரெகுலேட்டர்கள் புகைவது இந்தத் தவறால்தான் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஃபீல்டு காயிலுக்கு இரண்டு முனை. கரண்டைக் கட்டுப்படுத்த இரண்டு வழி. ஒரு முனையை நிரந்தரமாக எர்த் செய்துவிட்டு (அதாவது பேட்டரி மைனஸோடு சேர்ந்த வண்டியின் உடம்பில் கட்டிவிட்டு), பிளஸ் பக்கத்தில் ரெகுலேட்டரை வைக்கலாம். அல்லது ஒரு முனைக்கு சாவி வழியாக நேரடியாக பிளஸ் கொடுத்துவிட்டு, எர்த் பக்கத்தில் ரெகுலேட்டரை வைக்கலாம். இரண்டும் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஒன்றுக்கான ரெகுலேட்டர் மற்றொன்றில் ஓடாது.

கம்பெனி பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. கிரைஸ்லர் கார்களில் 1969 வரை பிளஸ் பக்கக் கட்டுப்பாடு, 1970-ல் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வந்தபோது எர்த் பக்கத்துக்கு மாறிவிட்டது. எக்ஸ்.எஸ். 650-யும் அப்படித்தான்: 1979 மாடல் வரை பிளஸ் பக்கம், 1980 மாடலிலிருந்து எர்த் பக்கம். ஆக, "கிரைஸ்லர் ரெகுலேட்டர் எக்ஸ்.எஸ். 650-க்குப் பொருந்துமாம்" என்று யாராவது சொன்னால், எந்த வருடத்து ரெகுலேட்டர், எந்த வருடத்து வண்டி என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

தவறாக மாட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். எர்த் பக்க ரெகுலேட்டரை 1979 வரையிலான யமஹாவில் கட்டுகிறீர்கள். அந்த வண்டியில் ஃபீல்டு காயில் இருப்பது சுற்றும் ரோட்டாரில்; அதைத் தொட்டு உரசும் இரண்டு கார்பன் பிரஷ்கள் வழியாகத்தான் கரண்ட் போகிறது. அவற்றில் ஒன்று ஏற்கனவே பாடியோடு எர்த் ஆகியிருக்கிறது. ரெகுலேட்டர் மறு முனையையும் எர்த் செய்கிறது. இரண்டு பக்கமும் எர்த், பிளஸ் எங்கேயும் இல்லை, சார்ஜ் ஏறாது. இதுவரை எதுவும் கெடவில்லை. "ஃபீல்டுக்கு பிளஸ் வரவில்லையே" என்று அதே ஒயரில் பிளஸை இழுத்துக் கொடுக்கும்போதுதான் விபரீதம். அந்த நொடியில் ரெகுலேட்டர் பேட்டரியின் பிளஸுக்கும் எர்த்துக்கும் நடுவே நேராக மாட்டிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும்.

கண்டுபிடிப்பது சுலபம். ரெகுலேட்டரின் கனெக்டரைக் கழற்றுங்கள். பிரஷ் வைத்த வண்டியாக இருந்தால் பிரஷ்களை ரோட்டாரிலிருந்து தூக்கிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஒவ்வொரு பிரஷுக்கும் பாடிக்கும் நடுவே பாருங்கள். ஒன்று கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் அது எர்த் ஆன பிரஷ், உங்களுக்குத் தேவை பிளஸ் பக்க ரெகுலேட்டர். இரண்டுமே எர்த் ஆகவில்லை என்றால் எர்த் பக்கம். பிரஷ்களைத் தூக்காமல் பார்த்தால் ரோட்டார் வழியாகவே தொடர்பு தெரியும், குழம்பிப் போவீர்கள்.

கையில் எர்த் பக்க ரெகுலேட்டர்தான் இருக்கிறது, வண்டியோ பழைய யமஹா என்றால் அதற்கும் வழி உண்டு. எர்த் ஆன பிரஷைப் பிடித்திருக்கும் உலோகத் திருகை எடுத்துவிட்டு நைலான் திருகு போட்டால் அந்த பிரஷ் பாடியிலிருந்து பிரிந்துவிடும். பிறகு அதற்கு சாவிக்குப் பின்னால் இருந்து ஒரு பிளஸ் ஒயர். முடிந்ததும் மீண்டும் ஒரு முறை மல்டிமீட்டர் வைத்து, உண்மையிலேயே பிரிந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

முனைகளின் பெயரும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய ஃபோர்டு ரெகுலேட்டரில் ஏ, எஸ், எஃப், ஐ என்று நான்கு முனை: ஏ பேட்டரி, எஸ் ஸ்டேட்டர், எஃப் ஃபீல்டு, ஐ இக்னிஷன். போஷ் ரெகுலேட்டரில் டி பிளஸ், டி.எஃப்., டி மைனஸ் என்று மூன்று. பி.எம்.டபிள்யூ பாக்ஸரில் இருப்பது இந்த போஷ் முறைதான். அந்த வண்டியில் சார்ஜ் எச்சரிக்கை பல்பையும் பாருங்கள். தொடக்கத்தில் ஃபீல்டுக்கு கரண்ட் போவதே அந்த பல்பு வழியாகத்தான். பல்பு ஃபியூஸ் ஆனால் ரெகுலேட்டர் நன்றாக இருந்தும் சார்ஜ் தொடங்காமல் போகலாம்.

ரோட்டாரை அளக்காமல் புது ரெகுலேட்டரைக் கொடுப்பது

பழைய ரெகுலேட்டர் ஏன் எரிந்தது என்று கேட்காமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். பழைய எக்ஸ்.எஸ். 650 ரோட்டார்கள் உள்ளுக்குள் ஷார்ட் ஆவதில் பேர் போனவை. நல்ல ரோட்டார் 5 ஓம் அளவில் இருக்கும். சி.பி. 750-யின் ஃபீல்டு காயில் சுமார் 7 ஓம், 550-யினுடையது சுமார் 5 ஓம். 14 வோல்ட்டில் 5 ஓம் என்றால் 3 ஆம்பியருக்கும் குறைவு, கார் ரெகுலேட்டருக்கு அது பெரிய சுமையே இல்லை. ஆனால் ஷார்ட் ஆகி 1.5 ஓமுக்கு இறங்கிய ரோட்டார் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மீட்டரின் இரண்டு கம்பியையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் மிச்சத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சின்ன அளவில் அரை ஓம் பிழையும் பெரிது.

ரெகுலேட்டர்தான் குற்றவாளியா என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிடலாம். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, இன்ஜினை 2,000 சுற்றுக்கு மேல் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டு, ஃபீல்டு ஒயருக்குச் சில நொடிகள் மட்டும் நேரடியாக பிளஸ் கொடுங்கள் (எர்த் பக்க வண்டியானால் எர்த் கொடுங்கள்). பேட்டரியில் வோல்டேஜ் சட்டென்று ஏறினால் ஆல்டர்னேட்டர் நலம், பழுது ரெகுலேட்டரில் அல்லது அதன் ஒயரில். ஏறவில்லை என்றால் பிரஷ், ரோட்டார், ஸ்டேட்டர், ரெக்டிஃபையர் என்று தேடுங்கள். 15 வோல்ட்டைத் தொடும்போதே கையை எடுத்துவிட வேண்டும்.

ரெக்டிஃபையரைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். இந்த வண்டிகளில் பலவற்றில் அது தனிப் பெட்டி. கார் ரெகுலேட்டர் அதற்கு மாற்று கிடையாது, இரண்டும் இருக்க வேண்டும்.

ஒயரில் தொலையும் வோல்ட்

ஒரு நண்பரின் எக்ஸ்.எஸ். 650. புது கார் ரெகுலேட்டர் மாட்டி இரண்டு மாதம். பக்கவாட்டு மூடியைத் திறந்ததும் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. பேட்டரியின் காற்றுக் குழாய் முடியும் இடத்தில் ஃபிரேம் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தது, ஆசிட் நீர் வழிந்த தடம் வெள்ளையாகப் பூத்திருந்தது. மீட்டர் வைத்தால் பேட்டரியில் 15.2 வோல்ட். "ரெகுலேட்டர் மட்டமான சரக்கு" என்றார் அவர். ஏற்கனவே ஒன்றை மாற்றிவிட்டாராம், புதியதும் அதே 15.2.

இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரி பிளஸிலும் மறு கம்பியை ரெகுலேட்டரின் இக்னிஷன் முனையிலும் வைத்தேன். 0.8 வோல்ட். பேட்டரி மைனஸுக்கும் ரெகுலேட்டரின் தகர உடம்புக்கும் நடுவே 0.2. மொத்தம் ஒரு வோல்ட் ஒயரிலேயே தொலைகிறது. ரெகுலேட்டர் தன் முனையில் 14.2-ஐத்தான் பார்க்கிறது, அதை ஒழுங்காகக் காப்பாற்றுகிறது. அதற்காகப் பேட்டரி 15.2-ல் கொதித்துக்கொண்டிருந்தது. ஹெட்லைட் கிண்ணத்துக்குள் இருந்த கனெக்டர்களை இழுத்துப் பார்த்தால் பித்தளை கறுத்துப்போயிருந்தது. இக்னிஷன் சுவிட்சின் தொடுமுனைகளும் அதே கதி.

இதற்கு நான் எப்போதும் செய்வது ஒரு ரிலே. சுவிட்சிலிருந்து வரும் பழைய ஒயர் ரிலேயை மட்டும் இயக்கட்டும். ரெகுலேட்டருக்கு வேண்டிய பிளஸ், பேட்டரியிலிருந்து 5 அல்லது 7.5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, ரிலேயைக் கடந்து நேராகப் போகட்டும். ரெகுலேட்டர் உடம்பிலிருந்து பேட்டரி மைனஸுக்கு ஒரு தனி ஒயர். அந்த வண்டியில் இவ்வளவும் செய்த பிறகு பேட்டரியில் 14.3. ரெகுலேட்டர் அதேதான்.

ரிலே எதற்கு, நேராகப் பேட்டரியில் கட்டிவிடலாமே என்று சிலர் செய்வார்கள். இன்ஜின் நின்றாலும் ரெகுலேட்டர் விழித்திருக்கும். பேட்டரி 14-க்குக் கீழே இருப்பதைப் பார்த்து ஃபீல்டுக்கு முழுக் கரண்டையும் திறந்துவிடும். 2.5 ஆம்பியர் வீதம் போனால் 14 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஆறு மணி நேரம்கூடத் தாங்காது. கில் சுவிட்சில் இன்ஜினை நிறுத்திவிட்டு சாவியை மறந்துவிடுவதும் இதே விளைவைத்தான் தரும், ரோட்டாரும் சும்மா சூடாகும்.

எங்கே மாட்டுவது

அந்தக் காலத்துக் காரில் ரெகுலேட்டர் இருப்பது இன்ஜின் அறையின் தகரச் சுவரில், நல்ல எர்த்தோடு, அதிர்வு குறைவாக. பைக்கில் அப்படி ஓர் இடம் கிடையாது. காற்று படும் இடம் பாருங்கள், சைலன்சர் பக்கமும் சிலிண்டருக்குப் பின்னாலும் வேண்டாம். பல கார் ரெகுலேட்டர்கள் வெப்பத்துக்கு ஏற்ப வோல்டேஜை மாற்றிக்கொள்ளும்: குளிரில் கொஞ்சம் கூட்டும், சூட்டில் குறைக்கும். சூடான இடத்தில் வைத்தால் அது பேட்டரியும் சூடாக இருப்பதாக எடுத்துக்கொண்டு வோல்டேஜைக் குறைத்துவிடும், சார்ஜ் போதாமல் போகும். அதிர்வுக்காக ரப்பர் புஷ் போட்டு மாட்டுவது நல்லது, ஆனால் ரப்பர் போட்ட கணமே எர்த் போய்விடுகிறது. மேலே சொன்ன தனி எர்த் ஒயர் அப்போது கட்டாயம். தொடுமுனைகள் துடிக்கும் பழைய மெக்கானிக்கல் கார் ரெகுலேட்டரை நான் பைக்கில் வைக்க மாட்டேன், அதிர்வில் அளவு நிலைக்காது. எலக்ட்ரானிக் வகையே வாங்குங்கள்.

பாசிட்டிவ் எர்த் வண்டியில், அதாவது பேட்டரியின் பிளஸ் ஃபிரேமில் கட்டிய பழைய பிரிட்டிஷ் வண்டியில், இந்த ரெகுலேட்டர்கள் எதையும் மாட்டக்கூடாது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வந்த பிறகு பேட்டரியை ஒரு நொடி தலைகீழாகத் தொட்டாலும் போச்சு. இன்ஜின் ஓடும்போது "சார்ஜ் ஆகிறதா பார்ப்போம்" என்று பேட்டரி ஒயரைக் கழற்றும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வோல்டேஜ் எகிறி டயோடு, ரெகுலேட்டர் இரண்டையும் கொண்டுபோகும்.

அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்வது

மாட்டி முடித்ததும் ஐடிலிங்கில் 12.5 காட்டினால் பயப்பட வேண்டாம். இந்த ஆல்டர்னேட்டர்கள் மெதுவான சுற்றில் அவ்வளவுதான் தரும். சி.பி. 750-யின் ஆல்டர்னேட்டர் 5,000 சுற்றில் தருவதே 210 வாட். ரெகுலேட்டர் மாற்றினால் அந்த வாட் கூடாது. கூடுதல் விளக்குகள் மாட்டிய வண்டியில் பற்றாக்குறை இருந்தால் ரெகுலேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு, பத்து பதினைந்து நிமிடம் ஓட்டி இன்ஜின் சூடான பிறகு, 3,000 – 4,000 சுற்றில் அளந்து பாருங்கள். 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே நின்றால் சரி. செத்துப்போன பேட்டரியை வைத்து அளந்தால் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

அப்புறம், அசல் ஒயரிங்கை வெட்டாதீர்கள். பழைய கனெக்டருக்குப் பொருந்தும் மறுபாதியை வாங்கி, அதிலிருந்து சிறிய ஒயர் இழுத்துப் புது ரெகுலேட்டரில் லக் போட்டு மாட்டினால், நாளைக்கு அசலுக்கே திரும்ப வேண்டுமென்றாலும் ஐந்து நிமிட வேலை. கழற்றிய பழைய ரெகுலேட்டரை ஒரு டப்பாவில் போட்டு, எந்த நிற ஒயர் எந்த முனைக்குப் போனது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். புதியதன் ஒயர் விவரத்தையும் அதே சீட்டின் பின்பக்கம் எழுதுங்கள். அடுத்து அந்த வண்டியைத் திறப்பவர் நீங்களாக இருக்க வேண்டும் என்பதில்லை.