தேன்மெழுகு உருக்கும் ஹீட்டர்: சூட்டைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

மெழுகுவத்தி, தைலம், தோலுக்கோ மரத்துக்கோ பூசும் பாலிஷ் என எதைச் செய்தாலும் முதல் வேலை மெழுகை உருக்குவது. உருக்குவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உருகியதை ஒரே சூட்டில் ஒரு மணி நேரம் வைத்திருப்பதுதான் பாடு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். 85 டிகிரியைத் தாண்டினால் நிறம் மங்கத் தொடங்கும். 200 டிகிரியை ஒட்டிப் போய்விட்டால் அதன் ஆவி தீப்பற்றும். ஆக, 70க்கும் 80க்கும் இடையில் நிற்க வேண்டும்.

சூட்டைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு அணைக்கும் கன்ட்ரோலரில் எதை வாங்குவது என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. ஹீட்டர் எத்தனை வாட், சூட்டை அளக்கும் சென்சார் எங்கே உட்கார்ந்திருக்கிறது, இந்த இரண்டும் சரியாக அமைந்தால் மலிவான போர்டே போதும். அமையாவிட்டால் விலை உயர்ந்த கன்ட்ரோலரும் தடுமாறும்.

தொடங்கும் முன் ஒன்று: இது வீட்டு மின்சாரத்தோடு செய்யும் வேலை. ஒயரிங் பழக்கம் இல்லையென்றால் அந்தப் பகுதியை மட்டுமாவது எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 1: சிறிய ஹீட்டரைத் தேர்ந்தெடுங்கள்

அரை கிலோ மெழுகுக்கு 100 வாட் தட்டு போதும். உருக அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். 1000 வாட் அடுப்பை வைத்தால் சீக்கிரம் உருகும் என்பது உண்மைதான். ஆனால் மின்சாரம் நின்ற பிறகும் தட்டில் தேங்கிய சூடு மெழுகுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். நீங்கள் 75 என்று வைத்தால் அது 90 வரை போய்த்தான் திரும்பும். கன்ட்ரோலர் ஹீட்டரை அணைக்கத்தான் முடியும், தட்டைக் குளிர வைக்க முடியாது.

கையில் இருப்பதே பெரிய ஹீட்டர் என்றால் மின்னழுத்தத்தைக் குறைக்கலாம். ஒரே மாதிரியான இரண்டு ஹீட்டர்களைத் தொடர் இணைப்பில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் பாதி வோல்ட்தான் கிடைக்கும். திறன் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் ஒவ்வொன்றும் கால் பங்கு வாட்டில்தான் ஓடும். இரண்டு 200 வாட் ஹீட்டர்கள் சேர்ந்து 100 வாட் தரும்.

விளக்குக்கு வைக்கும் டிம்மரை மாட்டினால் போதாதா என்று கேட்கலாம். சமாளிக்கலாம்தான், ஆனால் டிம்மருக்குச் சூடு எவ்வளவு என்று தெரியாது. மின்விசிறியைப் போட்டால் மெழுகு ஆறும், கதவைச் சாத்தினால் ஏறும். பக்கத்திலேயே தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

படி 2: சென்சாரைச் சரியான இடத்தில் பொருத்துங்கள்

இதற்கு நேரம் கொடுங்கள். சென்சார் வெறும் மெழுகுக்குள் தொங்கினால் தட்டு சூடான செய்தி அதற்குப் போய்ச் சேரவே சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் அடியில் இருக்கும் மெழுகு அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும். ஹீட்டரை ஒட்டியே வைத்தால் நேர் எதிர்: தட்டு சட்டென்று சூடாகி அணைந்துவிடும், மெழுகு உருகாமல் கிடக்கும். நான் விரும்பும் இடம், ஹீட்டருக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் வைக்கும் ஓர் அலுமினியத் தகட்டின் உள்ளே. 6 மில்லிமீட்டராவது தடிப்புள்ள தகடு என்றால் பக்கவாட்டில் துளை போட்டு, சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் கொஞ்சம் தடவிச் சென்சாரைச் செருகலாம். இப்படிச் செய்யும்போது நீங்கள் கட்டுப்படுத்துவது தகட்டின் சூட்டை. மெழுகு அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். அந்த வித்தியாசத்தை ஒரு சமையல் தெர்மாமீட்டரால் அளந்துகொண்டு, வேண்டிய அளவோடு கூட்டி வைத்தால் சரி.

சென்சாரை ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். டேப் வேண்டாம். சூட்டில் டேப் கழன்று சென்சார் வெளியே விழுந்தால், கன்ட்ரோலர் அறையின் சூட்டைப் பார்த்து “இன்னும் ஆறிக் கிடக்கிறது” என்று நினைத்து ஹீட்டரை விடாமல் ஓட்டும். மெழுகு தீப்பிடிக்க இது ஒன்றே போதும்.

எந்த வகைச் சென்சார்? 110 டிகிரிக்குள் வேலை என்றால் சின்ன போர்டுகளோடு வரும் என்டிசி சென்சாரே (சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை) போதும். பிஐடி கன்ட்ரோலர்களோடு (இவை பற்றி அடுத்த படியில்) பெரும்பாலும் கே டைப் தெர்மோகப்பிள் வரும். இரண்டு வேறு உலோக ஒயர்களை இணைத்துச் சூட்டை அளக்கும் சென்சார் அது. அதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒயரை நீட்ட சாதாரணச் செம்பு ஒயரை ஒட்டாதீர்கள், அளவு தப்பும். கே டைப்புக்கு உரிய ஒயர்தான் வேண்டும். அப்புறம், இரண்டு முனைகளையும் மாற்றி இணைத்தால் சூடு ஏற ஏறத் திரையில் எண் இறங்கும். அப்படிக் கண்டால் உடனே ப்ளக்கைப் பிடுங்கி முனைகளை மாற்றுங்கள்.

படி 3: கன்ட்ரோலர்

இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, டபிள்யூ1209 போன்ற ரிலே போர்டு. ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச். 12 வோல்ட்டில் ஓடும். வைத்த அளவைத் தொட்டதும் அணைக்கும், ஓரிரு டிகிரி இறங்கியதும் மீண்டும் போடும். சிறிய ஹீட்டரோடு இது தாராளமாகப் போதும். போர்டு திறந்தபடி வருவதால் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும்.

இரண்டாவது பிஐடி. வைத்த அளவுக்கு எவ்வளவு தூரம், அந்தத் தூரம் எவ்வளவு நேரமாக நீடிக்கிறது, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்ற மூன்றையும் பார்த்து, நெருங்க நெருங்க ஹீட்டரை விட்டு விட்டு ஓட்டும். ஒரு டிகிரிக்குள் நிற்கும். இதை எஸ்எஸ்ஆர் எனப்படும் சாலிட் ஸ்டேட் ரிலேயோடு, அதாவது அசையும் முனைகள் இல்லாத மின்னணு ஸ்விட்சோடு, சேர்ப்பது நல்லது. வாங்கும்போது பாருங்கள்: ஒரே பெயரில் ரிலே அவுட்புட் வகையும் எஸ்எஸ்ஆர் அவுட்புட் வகையும் விற்கின்றன. எஸ்எஸ்ஆர் இயக்க இரண்டாவதுதான் வேண்டும்.

படி 4: இணைப்பு

ப்ளக்கிலிருந்து வரும் ஃபேஸ் ஒயர் முதலில் ஃப்யூஸுக்கு, அங்கிருந்து ஸ்விட்சுக்கு, பிறகு எஸ்எஸ்ஆர் அல்லது ரிலேவுக்கு, அதன் பின் தெர்மல் ஃப்யூஸுக்கு, கடைசியாக ஹீட்டருக்கு. நியூட்ரல் நேராக ஹீட்டருக்கு. எர்த் ஒயரைத் தகட்டிலும் உலோகப் பெட்டியிலும் ஸ்க்ரூவால் கட்டாயம் பிணையுங்கள்.

தெர்மல் ஃப்யூஸ் எதற்கு என்றால், எஸ்எஸ்ஆர் பழுதானால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். அதாவது ஹீட்டர் அணையவே அணையாது. கன்ட்ரோலர் என்ன சொன்னாலும் எடுபடாது. 120 டிகிரியை ஒட்டி அறுந்துபோகும் ஒரு தெர்மல் ஃப்யூஸைத் தகட்டோடு ஒட்டி வைத்தால் அது கடைசிக் காவல். இதை ஈயப்பற்று வைத்து இணைக்காதீர்கள், அந்தச் சூட்டிலேயே அறுந்துவிடும். கிரிம்ப் (ஒயரோடு நசுக்கி இறுக்கும் உலோகக் குழல்) போட்டு இறுக்குங்கள்.

இன்னொன்று, எஸ்எஸ்ஆர் அணைந்திருக்கும்போதும் அதன் வழியே சிறு கசிவு மின்சாரம் இருக்கும். ஹீட்டர் அணைந்திருக்கிறது என்று நம்பி அதன் முனையைத் தொடக்கூடாது. ப்ளக்கைக் கழற்றிய பிறகுதான் கை வைக்க வேண்டும்.

படி 5: சரிபார்த்தல், ட்யூன் செய்தல்

நுனி நீர் புகாத சென்சார் என்றால் பொருத்தும் முன்பே, உருகும் ஐஸ் நிறைந்த நீரில் 0 காட்டுகிறதா, கொதிநீரில் 100ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று பாருங்கள். உயரமான ஊர்களில் நீர் 100க்குக் கீழேயே கொதிக்கும், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிரு டிகிரி வித்தியாசத்தைக் கன்ட்ரோலரின் ஆஃப்செட் அமைப்பில் திருத்தலாம். கன்ட்ரோலரில் சென்சார் வகையும் நீங்கள் மாட்டியதுதானா என்று பார்த்துவிடுங்கள்.

பிஐடி என்றால் ஆட்டோட்யூன் ஓட்ட வேண்டும், அதாவது உங்கள் ஹீட்டருக்கு ஏற்ப அது தன்னைத்தானே அமைத்துக்கொள்ள விட வேண்டும். காலித் தகட்டில் ஓட்டிப் பயனில்லை. வழக்கமாக உருக்கும் அளவு மெழுகைப் பாத்திரத்தில் வைத்து, வேலை செய்யப்போகும் சூட்டையே அமைத்துவிட்டு ஓட்டுங்கள். சூடு சில முறை ஏறி இறங்கும், பிறகு அதுவே எண்களைப் பதிந்துகொள்ளும். அந்த நேரத்தில் சூடு வைத்த அளவைத் தாண்டும் என்பதால் பக்கத்திலேயே இருங்கள். ஹீட்டரை ஒருமுறை போட்டு அணைத்து மீண்டும் போடும் வரை ஆகும் சுழற்சி நேரத்தை எஸ்எஸ்ஆருக்கு 2 விநாடி, ரிலேவுக்கு 20 விநாடி வைக்கலாம். ரிலேவுக்கு 2 வைத்தால் டக் டக்கென்று அடித்து அதன் முனைகள் சீக்கிரம் தேயும்.

மெழுகை வைக்கும்போது

பெரிய கட்டியாக வைக்காமல் துண்டுகளாக உடைத்துப் போடுங்கள். கட்டியாக இருந்தால் அடி உருகி விரியும், மேலே கெட்டியாக மூடியிருக்கும், வழி கிடைக்காமல் பீறிட்டுத் தெறிக்கும். பாத்திரம் எவர்சில்வரோ அலுமினியமோ இருக்கட்டும். இரும்பும் செம்பும் தேன்மெழுகின் நிறத்தைக் கெடுக்கும். பாத்திரத்துக்கு இறுக்கமாகப் பொருந்தும் உலோக மூடி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். புகை வந்தாலோ தீப்பிடித்தாலோ ப்ளக்கைப் பிடுங்கி மூடியால் மூடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது, எரியும் மெழுகு வெடித்துச் சிதறும்.