வெளுத்துப்போன வேட்டியில் மடிப்பு வருமா?

கொங்குப் பக்கம் கேமரா பிடிப்பவர்களுக்கு வெள்ளைதான் பெரிய சோதனை. கல்யாண மேடையில் மாப்பிள்ளையின் வேட்டி, தலையில் கட்டும் உருமாலை, சடங்கை நடத்திவைக்கும் அருமைக்காரரின் துண்டு எல்லாமே வெள்ளை. போதாததற்கு எதிரே வீடியோக்காரரின் எல்இடி விளக்கு. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனால் சித்திரை வெயிலில் வெளிர் நிற மயிலை மாடுகள். திரையில் போட்டுப் பார்த்தால் வேட்டி மடிப்பையும் காணோம், மாட்டின் அலைதாடியையும் காணோம், வெறும் வெள்ளைத் திட்டு. லேயரும் (படத்தின் மேல் அடுக்கும் இன்னொரு படம்) மாஸ்க்கும் (அந்த அடுக்கில் வேண்டாத இடத்தை மறைக்கும் திரை) போட்டு மீட்கலாம் என்பது உண்மைதான். ஆனால் மாஸ்க் எதையும் புதிதாக உண்டாக்காது. இருப்பதை வேண்டிய இடத்தில் காட்டும், அவ்வளவுதான்.

அதனால் முதல் தவறு, ஜேபிஜி-யோடு மல்லுக்கட்டுவது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 (இருட்டு) முதல் 255 (முழு வெளிச்சம்) வரை படிகள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255-ஐத் தொட்டுவிட்ட இடத்தில் மடிப்பு என்ற சங்கதியே பதிவாகவில்லை. லேயரை நகலெடுத்து மல்டிப்ளை மோடில் வைக்கச் சொல்வார்கள். இரண்டு மதிப்பையும் பெருக்கி 255-ஆல் வகுப்பதுதான் மல்டிப்ளை. 200 இருந்த இடம் 157-க்கு இறங்கும். 255 இருந்த இடம் அசையாமல் 255-லேயே நிற்கும். எத்தனை லேயர் அடுக்கினாலும் மாப்பிள்ளை முகம்தான் கறுக்கும். லெவல்ஸில் அவுட்புட்டை, அதாவது படத்தின் உச்ச வெளிச்சத்தை, குறைத்தாலோ வெள்ளை வேட்டி சாம்பல் வேட்டியாகும், மடிப்பு அப்போதும் வராது.

ரா ஃபைல் (கேமரா சென்சார் பதிந்ததைச் சமைக்காமல் வைத்திருக்கும் கோப்பு) இருந்தால் கதை வேறு. கேமரா ஜேபிஜி ஆக்கும்போது நசுக்கிய வெளிச்சத்தில் கொஞ்சம் அதில் மிஞ்சியிருக்கும். ஒரே ராவை இரண்டு முறை திறங்கள்: முகத்துக்கு ஒன்று, வேட்டிக்கு ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து இன்னொன்று. இரண்டுக்கும் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கும் நிறச் சமன்) ஒன்றாக இருக்கட்டும், நிறப் படிகள் அதிகமுள்ள 16 பிட்டிலேயே திறங்கள். இருட்டானதை மேலே வைத்துக் கறுப்பு மாஸ்க் போட்டு (மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்), வேட்டியில் மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் தேயுங்கள். மூன்று ஸ்டாப் குறைத்து மிரட்ட வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் வெள்ளைத் துணி 235, 245 பக்கம் இருந்தால்தான் வெள்ளையாகத் தெரியும்.

அதிகம் சொதப்புவது மாஸ்க்கின் ஓரத்தில்தான். கெட்டியான பிரஷ் என்றால் வெட்டி ஒட்டியது போலிருக்கும். ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதரை அள்ளிப் போட்டால் தோளைச் சுற்றிச் சுவரில் இருண்ட வளையம் விழும். படத்தின் வெளிச்சத்தையே மாஸ்க்காக்குவது நல்லது. போட்டோஷாப்பில் கன்ட்ரோல், ஆல்ட், 2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெளிச்சமான பகுதி தேர்வாகும், அப்படியே மாஸ்க் பட்டனைத் தட்டுங்கள். இலவச மென்பொருளான கிம்பில் லேயர் மாஸ்க் சேர்க்கும்போதே கிரேஸ்கேல் காப்பி என்று ஒரு வாய்ப்பு உண்டு. அப்புறம் அதை அப்படியே விட்டுவிடுவதும் தவறு. நெற்றி, ஜரிகை, பின்சுவர் எல்லாம் கூடவே வந்திருக்கும்; அங்கே கறுப்பு பிரஷ் ஓட்ட வேண்டும். துணி தட்டையாகத் தெரிந்தால் மாஸ்க்குக்கு மட்டும் லேசாகக் காஸியன் ப்ளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) கொடுங்கள், மடிப்பு எழுந்து நிற்கும். காங்கேயம் காளை என்றால் விலாவோடு நிறுத்துங்கள். திமில் இயல்பிலேயே கறுப்பு, அதன் மேல் இருட்டு லேயர் ஏறினால் கரிக்கட்டைதான்.

தோலில் சிவப்புதான் முதலில் 255-ஐத் தொடும். நெற்றி மஞ்சளித்துப் போவது அதனால்தான். இருட்டு லேயர் மட்டும் போட்டால் சாந்து பூசியது போலிருக்கும். மேலே ஒரு வெற்று லேயர் வைத்து, அடியிலுள்ள வெளிச்சத்தை விட்டு நிறத்தை மட்டும் மாற்றும் கலர் மோடுக்கு மாற்றி, கன்னத்து நிறத்தை எடுத்து மெலிதாகத் தடவுங்கள். அடியில் சுத்த வெள்ளையாகவே இருந்தால் கலர் மோடும் ஒட்டாது, முதலில் கொஞ்சம் இறக்கியாக வேண்டும்.

குத்துவிளக்குச் சுடரையும் நெற்றிச்சுட்டியின் மினுக்கையும் தயவுசெய்து மீட்காதீர்கள். அவை வெளுத்துத்தான் இருக்க வேண்டும், என் கணக்கில் இதுதான் மன்னிக்கவே முடியாத எடிட்டிங்.

வெளியே போனால் வானத்துக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று என்று வெவ்வேறு வெளிச்ச அளவில் இரண்டு எக்ஸ்போஷர் எடுத்துச் சேர்க்கலாம். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பொள்ளாச்சித் தென்னையும் உடுமலைக் காற்றாலையும் நிற்கவா போகின்றன? ட்ரைபாட் இருந்தாலும் ஓலை இரட்டையாகத் தெரியும். ஆட்டோ அலைன் கேமரா அசைவைத்தான் சரிசெய்யும், ஓலையசைவை அல்ல. அசையும் இடத்துக்கெல்லாம் ஒரே படத்தை வைத்துக்கொண்டு, வெறும் வானத்துக்கு மட்டும் மற்றதைக் கொண்டுவாருங்கள்.