கூகுளில் உங்கள் தொழில் தெரியவில்லையா? இந்த வரிசையில் சரிபாருங்கள்

சொந்தத் தொழிலுக்கு ஒரு இணையதளம் போட்டு ஒரு மாதம் ஆனதும் பலரும் கேட்பது ஒன்றுதான்: "கூகுள்ல தேடினா நம்ம பேரே வரலியே?" எஸ்.இ.ஓ., அதாவது தேடலில் தளம் முன்னால் தெரியும்படி அதைச் சீர்செய்யும் வேலை, என்ற சொல் அப்போதுதான் காதில் விழுகிறது. கூடவே யாராவது ஒருவர் மாதத் தொகை பேசி, "முதல் இடத்துக்குக் கொண்டுவந்துடறேன்" என்று வந்து நிற்பார். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. கூகுளே அப்படித்தான் சொல்கிறது. பத்துப் பதினைந்து பக்கம் உள்ள தளத்துக்கு வேண்டிய வேலையில் பெரும்பகுதியை நீங்களே செய்துவிடலாம். ஒரே நிபந்தனை, வரிசை மாறக்கூடாது.

தையல் மெஷின் ரிப்பேர் செய்யும் ஒருவரின் தளத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

படி 1: கூகுளுக்கு உங்கள் தளம் தெரியுமா?

கூகுள் தேடல் பெட்டியில் ‘சைட்’ என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். அதை ஒட்டியே மேலும் கீழுமாக இரண்டு புள்ளி உள்ள முக்காற்புள்ளி. அப்புறம் இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரி. உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் கூகுள் அவற்றைத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டது என்று பொருள். இதைத்தான் இன்டெக்ஸ் என்கிறார்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் தலைப்பு, படம் என்று எதைத் திருத்தியும் பயனில்லை. முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நண்பர் ஒருவருக்கு வேர்ட்பிரஸ் என்ற தளம் உருவாக்கும் மென்பொருளில் தளம் செய்துகொடுத்தேன். வேலை முடியும்வரை கூகுள் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று, செட்டிங்ஸில் ‘ரீடிங்’ பகுதியில் இருக்கும் அந்தச் சின்னக் கட்டத்தில் டிக் போட்டு வைத்தேன். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டேன். இரண்டு மாதம் தலைப்பை மாற்றினேன், எழுத்தை மாற்றினேன், கூகுளைத் திட்டினேன். கடைசியில் ஒரு டிக்கை எடுத்ததும் சில நாட்களில் பக்கங்கள் வர ஆரம்பித்தன. உங்கள் தளத்தை வேறு யாராவது செய்துகொடுத்திருந்தால், "நோ இன்டெக்ஸ் எங்காவது இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ‘இந்தப் பக்கத்தைப் பட்டியலில் சேர்க்காதே’ என்று கூகுளுக்குச் சொல்லும் குறிப்பு அது.

படி 2: சர்ச் கன்சோல்

இது கூகுள் தரும் இலவசக் கருவி. தளம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்கச் சொல்லும். அது தரும் ஒரு வரியை டொமைன் (தள முகவரி) அமைப்பிலோ முகப்புப் பக்கத்திலோ சேர்த்தால் முடிந்தது. பிறகு சைட்மேப், அதாவது தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் கோப்பு, இருக்கும் முகவரியைக் கொடுங்கள். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரி வரை அடங்கும். உங்களுக்கு இருபதுகூடத் தேறாது, கவலை வேண்டாம். கணக்கை இன்றே தொடங்குவதுதான் முக்கியம். யார் என்ன தேடி உங்களிடம் வந்தார்கள் என்ற விவரம் சேரத் தொடங்கும். 16 மாதம் வரைக்குமான கணக்கை அதில் பார்க்கலாம்.

படி 3: வாடிக்கையாளர் அடிக்கும் சொல்

மொத்த எஸ்.இ.ஓ.விலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான்.

நம் ரிப்பேர்காரர் தளத்தில் "தரமான தையல் இயந்திரப் பராமரிப்புச் சேவைகள்" என்று எழுதியிருக்கிறார். அழகான தமிழ்தான். ஆனால் இரவு பத்து மணிக்கு நூல் பட்டுப்பட்டென்று அறுந்துகொண்டிருக்கும்போது யாரும் ‘பராமரிப்புச் சேவைகள்’ என்று தேடமாட்டார்கள். "தையல் மெஷின் நூல் அறுந்துகொண்டே இருக்கு" என்று அடிப்பார்கள். அல்லது அதையே ஆங்கில எழுத்தில் தமிழாக அடிப்பார்கள். அல்லது போனிடம் வாயால் கேட்பார்கள்.

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த சில வாரங்களில் உங்களுக்கு வந்த போன் அழைப்புகளில் ஆட்கள் முதலில் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள், திருத்தாமல். "ஊசி உடைஞ்சுடுது", "கீழ் நூல் வரமாட்டேங்குது", "மோட்டார் ஓடுது, ஊசி அசையல." எந்தக் கட்டணக் கருவியும் இதைவிட நல்ல பட்டியல் தராது. அடுத்து, அவற்றை ஒவ்வொன்றாக கூகுளில் பாதி அடித்து நிறுத்துங்கள். கீழே விரியும் பரிந்துரைகளையும், முடிவுகளுக்கு நடுவே வரும் கேள்விப் பெட்டியையும் பாருங்கள். நோட்டில் விட்டுப்போனவை அங்கே கிடைக்கும்.

இப்போது பட்டியலைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே விஷயத்தை வேறு வேறு வார்த்தையில் கேட்பவை ஒரு பக்கத்துக்குள் அடங்கும். ‘மெஷின் ரிப்பேர்’, ‘இயந்திரம் பழுது’ என்று தனித்தனிப் பக்கம் போடாதீர்கள்; உங்கள் பக்கங்களே ஒன்றோடொன்று போட்டி போடும். ‘நூல் அறுகிறது’, ‘புது மெஷின் வாங்க’ ஆகிய இரண்டும் வேறு வேறு தேவை. அவற்றுக்குத் தனிப் பக்கம் வேண்டும்.

படி 4: தலைப்பு

தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரிகிறதே, அது பெரும்பாலும் உங்கள் பக்கத்தின் டைட்டிலிலிருந்து, அதாவது தளம் செய்யும்போது அந்தப் பக்கத்துக்குக் கொடுத்த தலைப்பிலிருந்து, வருவது. எத்தனையோ தளங்களில் அது இன்னமும் ‘ஹோம்’ என்றே இருக்கிறது. நம்மவரின் தளத்தில் இருந்தது இது:

ஹோம் – வரவேற்கிறோம்

மாற்றியது இது:

தையல் மெஷின் ரிப்பேர்: வீட்டுக்கே வந்து சரிசெய்கிறோம்

என்ன வேலை, எப்படிச் செய்து தருகிறார், இரண்டும் ஒரே வரியில். பெயரைக் கடைசியில் சேர்க்கலாம். தமிழ் எழுத்து அகலம் அதிகம், நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்படும். ஆகவே முக்கியமான சொல்லை முன்னால் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேண்டும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அதன் கீழே வரும் இரண்டு வரி விளக்கம்தான் மெட்டா டிஸ்கிரிப்ஷன். அது உங்கள் இடத்தை உயர்த்தாது. பார்ப்பவரை கிளிக் செய்யவைக்கும். கூகுள் அதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்தே வேறு வரியை எடுத்துக்கொள்வதும் உண்டு. கீவேர்ட்ஸ் மெட்டா டேகை (பக்கத்தின் குறியீட்டில் தேடல் சொற்களை மறைவாக எழுதும் இடம்) நிரப்பித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் சிரித்துவிட்டு அனுப்புங்கள். அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது.

படி 5: பக்கத்தில் என்ன எழுதுவது

கேள்விக்குப் பதில் எழுதுங்கள், அவ்வளவுதான். ‘நூல் அறுகிறது’ பக்கத்தில், ஊசி திருப்பி மாட்டப்பட்டிருக்கலாம், ஊசி முனை மழுங்கியிருக்கலாம், மேல் நூலின் இறுக்கம் அதிகமாக இருக்கலாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். ஊசியை எப்படிப் பார்த்து மாட்டுவது என்று உங்கள் கையாலேயே எடுத்த ஒரு படம் போடுங்கள். "எல்லாத்தையும் சொல்லிக்கொடுத்தா யார் கூப்பிடுவாங்க?" என்று கேட்காதீர்கள். ஊசியை மாற்றியும் சரியாகாதவர் அந்தப் பக்கத்தில் இருக்கும் எண்ணைத்தான் அழுத்துவார். அந்த எண்ணைப் படத்துக்குள் பொறித்து வைக்காமல், தொட்டால் அழைப்பு போகும்படி எழுத்தாக வையுங்கள்.

ஒரே சொல்லைப் பத்தி பத்தியாகத் திணிப்பது பழைய தந்திரம். இப்போது அது கெடுதல்தான் செய்யும்.

படி 6: பிஸினஸ் ப்ரொஃபைல்

வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் தொழில் என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் உங்கள் தொழிலின் விவரத்தைக் காட்டும் இலவசப் பக்கம் இது. 2021 வரை கூகுள் மை பிஸினஸ் என்று இருந்ததுதான் இப்போது கூகுள் பிஸினஸ் ப்ரொஃபைல். வரைபடத்தோடு வரும் அந்த முடிவுகளுக்குப் பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்டவர் ஆகிய மூன்றையும் கூகுள் பார்க்கிறது. தூரத்தை உங்களால் மாற்ற முடியாது. சரியான தொழில் வகை, வேலை நேரம், புகைப்படம் ஆகியவை உங்கள் கையில். பெயர் இடத்தில் பலகையில் உள்ள பெயர் மட்டும் போதும். அங்கே ‘சிறந்த ரிப்பேர்’ என்றெல்லாம் சேர்ப்பது விதிமீறல். வேலை முடிந்தவரிடம் விமர்சனம் எழுதச் சொல்லலாம், ஆனால் அதற்குத் தள்ளுபடி தரக்கூடாது. திட்டி எழுதியவருக்கும் பதில் போடுங்கள்.

மற்றவை

மொபைலில் தளத்தைத் திறந்து பாருங்கள். கூகுள் உங்கள் தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் படிக்கிறது. கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய பெரிய படங்களைச் சுருக்குங்கள். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசக் கருவியில் முகவரியைப் போட்டால் வேகம் தெரியும். திறந்ததும் கண்ணில் படும் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 விநாடிக்குள் வந்தால் நல்லது. முகவரிப் பட்டையில் ‘பாதுகாப்பற்றது’ என்று வந்தால் தளம் செய்துகொடுத்தவரிடம் ஹெச்.டி.டி.பி.எஸ். (பாதுகாப்பான இணைப்பு) போடச் சொல்லுங்கள். மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் லிங்க்கைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

படி 7: ஒரு மாதம் கழித்து

சர்ச் கன்சோலில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியைத் திறந்து பாருங்கள். எந்தத் தேடலுக்கு எத்தனை முறை தெரிந்தீர்கள், எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரி இடம் என்ன என்று இருக்கும். ‘கீழ் நூல் வரவில்லை’ என்ற தேடலில் 400 முறை தெரிந்து 3 கிளிக், சராசரி இடம் 6 என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், ஆனால் தலைப்பு யாரையும் இழுக்கவில்லை. தலைப்பை மாற்றுங்கள். சராசரி இடம் 14 என்றால் கதை வேறு: முன்னால் இருப்பவர்களின் பக்கங்களைப் படித்துப் பார்த்து, அங்கே இருந்து உங்களிடம் இல்லாத பதிலை எழுதிச் சேர்த்துவிடுங்கள். நீங்கள் எழுதவே எழுதாத ஒரு கேள்விக்கு உங்கள் தளம் தெரிந்திருந்தால் அதுதான் அடுத்த பக்கம்.

மாற்றியதும் அந்தப் பக்கத்தின் முகவரியை சர்ச் கன்சோலில் மேலே உள்ள பெட்டியில் போட்டு, இன்டெக்ஸ் செய்யக் கோரும் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். திரும்பத் திரும்ப அழுத்தினால் வேகம் கூடாது. சில வாரம் விட்டுவிட்டு அதே 400, 3, 6 எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்.