விலை இறங்கிய ஃபெராரி, இறங்காத செலவு: கோலாலம்பூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு

ஃபெராரி 360, எஃப்430, லம்போர்கினி கல்லார்டோ, போர்ஷ 997 எல்லாம் பதினைந்து, இருபது வயதைத் தொட்டுவிட்டன. புதிதில் விற்ற விலையில் ஒரு பங்குக்கே இப்போது கைமாறுகின்றன. ஆனால் சாமான் விலை காரின் வயதைப் பார்ப்பதில்லை. அதனால் "மாதம் எவ்வளவு ஆகும்?" என்று சராசரி போடுவதில் பயனில்லை. அடுத்து எது மாற்ற வேண்டி வரும், எப்போது, எவ்வளவுக்கு என்று பாருங்கள். இரண்டு வருடம் எண்ணெய்ச் செலவோடு போய்விடும். மூன்றாம் வருடம் ஒரே பில்லில் ஐந்து இலக்கம் வந்து நிற்கும்.

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் குறைந்த கிலோமீட்டரிலும் மயங்க வேண்டாம். நம் ஊரில் இந்தக் கார்களைத் தின்பவை மூன்று: நெரிசல், வெயில், சும்மா நிற்பது. மூன்றுமே மீட்டரில் ஏறாது. 15,000 கிலோமீட்டர் ஓடிவிட்டு காண்டோ பார்க்கிங்கில் தூங்கிய காரைவிட, வருடா வருடம் ரசீதோடு 60,000 ஓடிய கார் பெரும்பாலும் மலிவாக முடியும்.

ஓட்டாவிட்டாலும் கட்ட வேண்டியது

சாலை வரிக் கணக்கு எளிது. தீபகற்பத்தில் 3,000 சிசிக்கு மேற்பட்ட தனியார் காருக்கு அடிப்படை 2,130 வெள்ளி. அதைத் தாண்டும் ஒவ்வொரு சிசிக்கும் 4.50 வெள்ளி. ஃபெராரி 360 (3,586 சிசி) 4,767 வெள்ளி. போர்ஷ 997 கரேரா (3,596 சிசி) 4,812. எஃப்430 (4,308 சிசி) 8,016. முதல் தலைமுறை கல்லார்டோ (4,961 சிசி) 10,954.50, 5,204 சிசி உள்ள எல்பி560 என்றால் 12,048. கார் கிழடாகிவிட்டது என்று ஒரு காசு குறையாது. 360-லிருந்து எஃப்430-க்குத் தாவுவதால் மட்டும் வருடத்துக்கு 3,249 வெள்ளி கூடுகிறது.

காப்புறுதியில் கவனிக்க வேண்டியது என்சிடி, அதாவது கிளைம் செய்யாததற்குக் கிடைக்கும் கழிவு. ஐந்து வருடம் கிளைம் இல்லாவிட்டால் 55 விழுக்காடு கழிவு. அது காருக்கு உரியதில்லை, உரிமையாளருக்கு உரியது. வீட்டிலிருக்கும் சிறிய காரான மைவியில் உங்கள் பெயரில் 55 விழுக்காடு சேர்ந்திருந்தால் அதை ஸ்போர்ட்ஸ் காருக்கு மாற்றிக் கேளுங்கள். மைவி சுழியத்திலிருந்து தொடங்கட்டும். ஆயிரம் வெள்ளிக்கு 26 வெள்ளி என்ற பழைய கட்டண அட்டவணைப்படி பார்த்தாலே, 400,000 வெள்ளி மதிப்புள்ள காருக்குப் பிரிமியம் பத்தாயிரத்தைத் தாண்டும். 55 விழுக்காடு கழிந்தால் ஐந்தாயிரத்தை ஒட்டி வரும். கட்டணம் தளர்த்தப்பட்ட பிறகு நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறுகிறது. உயர்ரகக் காருக்குக் கூடுதலாகக் கேட்பவர்களும் உண்டு. குறைந்தது மூன்று இடத்திலாவது கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பலர் கோட்டை விடுவது பெட்டர்மெண்ட். ஐந்து வயதைத் தொட்ட காரில் பழைய சாமானை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால் அந்தச் செலவில் ஒரு பங்கை நீங்கள் ஏற்க வேண்டும். ஐந்தாம் வயதில் 15 விழுக்காடு. பத்து வயதிலிருந்து 40. முன் பம்பரும் விளக்கும் ரேடியேட்டரும் சேர்ந்து சாமானே 50,000 வெள்ளி ஆனால் 20,000 உங்கள் பாக்கெட்டிலிருந்து போகும். தனிக் கட்டணத்துக்கு இதை நீக்கித் தரும் நிறுவனங்கள் உண்டு. உங்கள் காரின் வயதுக்குப் பொருந்துமா என்று முதலிலேயே கேளுங்கள். வெள்ளத்துக்கும் தனியாகச் சேர்க்க வேண்டும், சாதாரணப் பாலிசியில் அது கிடையாது. அடித்தள பார்க்கிங்கில் நிறுத்துகிறவர் அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

'சம்போங் பாயார்', அதாவது பெயர் மாற்றாமல் வேறொருவரின் கடன் தவணையைத் தொடர்ந்து கட்டச் சொல்லி வரும் கார், எவ்வளவு மலிவானாலும் தொட வேண்டாம். கார் பேங்க்குச் சொந்தம், பெயர் வேறொருவருடையது, பழுது மட்டும் உங்களுடையது.

வாங்குமுன் கணினியிடம் கேளுங்கள்

ரீகான், அதாவது வெளிநாட்டிலிருந்து இறக்கிய பழைய கார் என்றால் ஜப்பானிய ஏலத் தாளின் அசலைக் கேளுங்கள். அதில் தரமும் கிலோமீட்டரும் இருக்கும். தரம் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்' என்றிருந்தால் அடிபட்டுச் சரிசெய்த கார். பிரிட்டனிலிருந்து வந்ததென்றால் அங்கிருந்த பதிவு எண்ணை வாங்கி அந்நாட்டு அரசாங்கத்தின் எம்ஓடி (வாகனத் தகுதிச் சோதனை) தளத்தில் போடுங்கள். ஒவ்வொரு சோதனையிலும் பதிவான கிலோமீட்டரை, அங்கே மைலில் இருக்கும், இலவசமாகப் பார்க்கலாம்.

போர்ஷ 997 என்றால் போர்ஷவின் சோதனைக் கருவியான பிவிஸில் இஞ்சின் கணினியைப் படிக்கச் சொல்லுங்கள். இஞ்சின் ஓடிய மொத்த மணி நேரம் அதில் இருக்கிறது. கிலோமீட்டரை அந்த மணியால் வகுத்தால் சராசரி வேகம் வரும். 30,000 கிலோமீட்டருக்கு 600 மணி என்றால் மணிக்கு 50. நெடுஞ்சாலை பார்த்த கார். அதே 30,000-க்கு 1,500 மணி என்றால் சராசரி 20 தான். நெரிசலிலேயே காலம் தள்ளியிருக்கிறது, இல்லையென்றால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். இஞ்சின் அளவுக்கு மேல் சுழன்ற பதிவுகளும் ஆறு படியாக அதே அறிக்கையில் வரும். நான்காம் படியிலோ அதற்கு மேலோ பதிவு இருந்தால், அது எந்த மணியில் நடந்தது என்று பாருங்கள்.

997-ன் முதல் தலைமுறையில், 2008 வரை, சாதாரணக் கரேரா இஞ்சினுக்கு இரண்டு நோய். ஒன்று ஐஎம்எஸ் பேரிங், இஞ்சினுக்குள்ளிருக்கும் இடைத்தண்டைத் தாங்குவது. பெரும்பாலான 997-களில் அதை மாற்ற இஞ்சினையே பிரிக்க வேண்டும். இன்னொன்று சிலிண்டர் சுவரில் கீறல் விழுவது. இஞ்சின் எண்ணெய் குறைகிறதா, ஒரு பக்கப் புகைக்குழாயில் மட்டும் கரி படிகிறதா, 'டக் டக்' சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். இஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி ஆறு சிலிண்டருக்கும் கீழிருந்து கேமரா விட்டுப் பார்ப்பது நிச்சயமான வழி. பிளக் துளை வழியே மட்டும் பார்த்தால் அடிப்பகுதிக் கீறல் தப்பிவிடலாம். 2009 மாடலிலிருந்து வந்த இஞ்சினில் ஐஎம்எஸ் பேரிங் இல்லை. முடிந்தால் அதற்கே பணம் சேருங்கள்.

கிளட்ச்: நெரிசலின் விலை

ஃபெராரியின் எஃப்1 கியரும் கல்லார்டோவின் இ-கியரும் ஆட்டோ இல்லை. உள்ளே சாதாரண ஒற்றைக் கிளட்ச். உங்கள் கால் செய்யும் வேலையை ஹைட்ராலிக் செய்கிறது. பெடரல் நெடுஞ்சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் அரைக் கிளட்சிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒழுங்காக ஓட்டியவரிடம் பல வருடம் நிற்கும் கிளட்ச், இப்படி ஓட்டினால் 15,000 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்.

ஓட்டும் முறை இதுதான். சிவப்பு விளக்கில் நியூட்ரல். முன்னால் இரண்டு கார் நீளம் இடம் விழும்வரை காத்திருந்து, நகரும்போது தயங்காமல் நகருங்கள். ஏற்றத்தில் எண்ணெய் மிதித்து நிறுத்தி வைக்காதீர்கள், பிரேக்கை மிதியுங்கள். ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பதுதான் கிளட்சுக்குப் பெரிய எமன். சரிவில் பின்னால் ஏற்றி நிறுத்த வேண்டிய பார்க்கிங் இடம் என்றால் வேறு இடம் கேட்டு வாங்குங்கள்.

கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கணினி விழுக்காட்டில் சொல்லும். வாங்குமுன் அந்த எண்ணைத் தாளில் அச்செடுத்து வாங்குங்கள். "போன மாதம்தான் பார்த்தோம், நல்லா இருக்கு" என்பது எண் ஆகாது.

கிளட்சைவிட நைசாக ஏமாற்றுவது, அந்த ஹைட்ராலிக்குக்கு அழுத்தம் தரும் எஃப்1 பம்ப். ஓட்டுநர் கதவைத் திறந்தாலே பின்னாலிருந்து சில விநாடி 'ம்ம்ம்' என்று கேட்கும், அழுத்தம் ஏற்றுகிறது. இஞ்சினை முடுக்காமல் சாவியை மட்டும் போட்டு, பிரேக்கை மிதித்தபடி சில முறை கியர் மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பம்ப் ஓடினால் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டரில் நைட்ரஜன் போய்விட்டது. அதை விட்டுவைத்தால் பம்ப் ஓய்வில்லாமல் ஓடி எரியும். பம்ப்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டாலும் இதே கதிதான்: பம்ப் நிற்காமல் ஓடி, சூடேறி, செத்துவிடும். ரிலே சில பத்து வெள்ளி, பம்ப் அதைப்போல் பல மடங்கு. கார் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே ரிலேயை மாற்றிவிடுங்கள், நன்றாக இருந்தாலும்.

இஞ்சினில் எது எப்போது

ஃபெராரி 360-ல் டைமிங் பெல்ட் ரப்பர். அது கிலோமீட்டரால் கெடுவதைவிட வயதால் கெடும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பழைய வழக்கம். ஐந்தைத் தாண்டவே கூடாது. இருக்கைக்குப் பின்னாலுள்ள மூடியைக் கழற்றினால் வேலை நடக்கும், இஞ்சினை இறக்க வேண்டியதில்லை. அதற்கு முந்தைய எஃப்355-ல் இறக்கியே ஆக வேண்டும், கூலி அங்கேதான் ஏறுகிறது. பெல்ட்டோடு, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கையும் மாற்றுங்கள்; மிச்சம் பிடிக்கும் இடமில்லை இது. எஃப்430-லிருந்து செயின், அந்தக் கவலை விட்டது.

எஃப்430-ன் தலைவலி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், இஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி. உள்ளே விரிசல் விட்டு, துகள் உதிர்ந்தால் இஞ்சினுக்குள்ளேயே திரும்ப இழுக்கப்படலாம். காலையில் முதல் முடுக்கலில் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் சத்தம் அடங்கினால் உடனே கழற்றிப் பாருங்கள். மேனிஃபோல்டைத் தள்ளிப்போட்டு இஞ்சினையே இழந்தவர்கள் உண்டு.

2004 முதல் 2006 வரையிலான கல்லார்டோக்களை, பவர் ஸ்டீயரிங் எண்ணெய் கசிந்து தீப்பிடிக்கும் ஆபத்துக்காக லம்போர்கினி திரும்ப அழைத்தது. ரீகானாக வந்த காரில் அந்த வேலை முடிந்ததா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். கல்லார்டோவில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: சாமான் மேல் அச்சடித்த எண் 8E0, 4B0 என்று தொடங்கினால் அது அந்தக் கால ஆடி ஏ4, ஏ6 சாமான். அதே எண்ணை ஆடி சாமான் கடையில் கேட்டுவிட்டு, பிறகு லம்போர்கினி விலையைப் பாருங்கள்.

வெயிலும் ஈரமும்

997-ன் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு மூலையில் இருக்கின்றன. இலையும் பிளாஸ்டிக் பையும் உள்ளே போய் ஈரத்தோடு மட்கி, முன்னாலிருக்கும் ஏர்கான் கண்டென்சரை அரித்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை பம்பரைக் கழற்றிக் குப்பையை உறிஞ்சி எடுங்கள். இரண்டு மணி நேர வேலை, இரண்டு கண்டென்சரைக் காப்பாற்றும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், கார் நகரவே இல்லையென்றாலும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும், அடுத்த இரண்டு வருடத்தையும் காட்டும். ஆறு வருடம் தாண்டிய டயரில் பூ (மேலுள்ள வரிப்பள்ளம்) எவ்வளவு இருந்தாலும் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் ஏற வேண்டாம்.

ஃபெராரியின் உள் பொத்தான்கள் பிசுபிசுக்கும். மேல் பூசிய மென்மையான பூச்சு நம் வெப்பத்தில் இளகுவதால் வருவது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் பிசுக்கு போகும், கூடவே எழுத்தும் போகும். பொத்தானைக் கழற்றி, பூச்சை முழுக்க எடுத்து, கெட்டியான பெயிண்ட் அடித்து எழுத்தைத் திரும்ப ஏற்றுபவரிடம் கொடுங்கள்.

கார்பன் செராமிக் பிரேக் இருந்தால் விலை பேசுமுன் தட்டுகளைப் பார்க்க வேண்டும். 2008 முதல் ஃபெராரி எல்லா மாடலிலும் இதைத்தான் போட்டது. நான்கு தட்டும் புதிதாக வாங்கினால் ஒரு புதிய மைவியின் விலையைத் தாண்டிவிடும். இதன் தேய்மானம் தடிமனில் தெரியாது, எடையில் தெரியும்: குறைந்தபட்ச எடை தட்டின் நடுப்பகுதியில் பொறித்திருக்கும். கழற்றித் தராசில் வையுங்கள். டயர் கடையில் சக்கரத்தை மாட்டும்போது ரிம் தட்டில் இடித்தால் விளிம்பு பெயரும். வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

பட்டறை

முகவர் பட்டறையா, தனிப் பட்டறையா என்பதைவிட, கருவி இருக்கிறதா என்பதே கேள்வி. எஃப்1 கிளட்ச் மாற்றிய பிறகு கணினிக்குப் புதிய கிளட்சைப் பழக்க வேண்டும். கருவி இல்லாத போர்மேன் மாட்டிவிட்டு வேறிடத்துக்கு அனுப்புவார். போன் போட்டு, "அண்ணே, கிளட்ச் போட்டா செல்ஃப் லேர்னிங் இங்கேயே செய்வீங்களா, எந்த டூல்?" என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் இருந்தால் அடுத்த பட்டறை. விலைத் தாளில் சாமான் எண், கூலி மணி, 8 விழுக்காடு சேவை வரி மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள்.

நிறுத்தி வைக்கும்போது

வாரம் ஒருமுறை பார்க்கிங்கிலேயே பத்து நிமிடம் முடுக்கிவிட்டு அணைப்பது கெடுதல். எண்ணெய் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவதால் உள்ளே ஈரம் தங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை விடியலில் எடுத்து அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். தண்ணீர் முள் நடுவுக்கு வந்த பிறகும் எண்ணெய் சூடாக இன்னும் பத்து நிமிடம் ஆகும், அதுவரை இஞ்சினை விரட்ட வேண்டாம். பேட்டரிக்குப் பராமரிப்பு சார்ஜர் மாட்ட, பார்க்கிங்கில் மின் இணைப்புக்குக் காண்டோ நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால், காரில் பேட்டரி சுவிட்ச் இருந்தால் அதை அணைத்து வையுங்கள், ஆனால் சாவியை எடுத்த உடனே அணைக்காதீர்கள். கணினிகள் தூங்கச் சில நிமிடம் கொடுத்துவிட்டு அணையுங்கள்.