8 லட்சத்தில் கனவுக் கார்: பெங்களூரில் பழைய வண்டி பார்த்து எடுப்பது எப்படி

கையில் 8 லட்சம் இருந்தால் 8 லட்சத்துக்கு வண்டி பார்க்காதீர்கள். 6.25 லட்சத்துக்குப் பாருங்கள். மீதியை இப்படிப் பிரியுங்கள்: ஆர்சி பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் இரண்டுக்கும் 40,000, நாலு டயருக்கு 32,000, வாங்கியதும் செய்யவேண்டிய முழு சர்வீஸுக்கு 28,000. இதோடு 7.25 லட்சம் ஆகிவிட்டது. மிச்சம் 75,000-ஐ முதல் வருஷம் தொடவே கூடாது. ஆசைக்காக வாங்கி ஓட்டும் வண்டிகள் பெரும்பாலும் ஒரு பெரிய பில் வரப்போகிற நேரத்தில்தான் விற்பனைக்கு வரும். கிளட்ச் தேய்ந்திருக்கும், டைமிங் பெல்ட் கெடு நெருங்கியிருக்கும், டயர் மொட்டையாகியிருக்கும். விலை இறங்கியிருப்பதற்குக் காரணமே அதுதான். அந்த பில் இனி உங்கள் பெயருக்கு வரும்.

இதே காரணத்தால், பெரிய வண்டியில் சுமாரானதை விட சின்ன வண்டியில் சுத்தமானதை எடுப்பது மேல். 6 லட்சத்துக்குப் பத்து வயசு ஆக்டேவியா கண்ணில் படும். வண்டியின் விலை இறங்கிவிட்டது, ஆனால் அதன் ஹெட்லைட்டும் ஷாக் அப்சார்பரும் இன்னும் பெரிய வண்டியின் விலையில்தான் இருக்கும்.

அடுத்து, ஆசை எதன் மேல் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சில்க் போர்டிலிருந்து மாரத்தஹள்ளிக்கு வாரம் ஐந்து நாள் ஊர்ந்துவிட்டு, எப்போதாவது ஞாயிறு விடிகாலையில் நந்தி மலைக்குப் போகிறவருக்கு லேசான கிளட்சும், குறைந்த ஆர்பிஎம்மில் இழுவையும் வேண்டும். மாதம் இரண்டு தடவை ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக சேலத்துக்குப் போகிறவருக்கு 100 கி.மீ. வேகத்தில் அலையாத சஸ்பென்ஷனும் நல்ல பிரேக்கும்தான் முக்கியம். இரண்டுக்கும் ஒரே வண்டி தேடினால் பட்ஜெட் உடையும்.

இந்தத் தொகைக்குள் பார்க்கத் தகுந்தவை சில. போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013-ல் வந்தது, 1.2 லிட்டர் டர்போ, 105 பிஎஸ் திறன், 175 என்எம் இழுவிசை, 7 ஸ்பீடு டிஎஸ்ஜி (தானே கியர் மாற்றும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்). ஹைவேயில் அருமை. ஆனால் அந்த கியர்பாக்ஸில் இருப்பது டிரை கிளட்ச். எண்ணெயில் மூழ்காத கிளட்ச், ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் பாதி பிடித்தபடியே வழுக்கிக்கொண்டிருக்கும், சூடேறித் தேயும். கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட் போனால் செலவு லட்சத்தைத் தொடலாம். தினமும் அவுட்டர் ரிங் ரோட்டில் போகிறவர், 2020-க்குப் பின் வந்த 1.0 டிஎஸ்ஐ மேனுவலைப் பார்ப்பது புத்திசாலித்தனம்: 110 பிஎஸ், அதே 175 என்எம்.

பலேனோ ஆர்எஸ் அதிகம் பேசப்படாத வண்டி. 102 பிஎஸ் பூஸ்டர்ஜெட் டர்போ இன்ஜின், மேனுவல் கியர், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், வண்டியின் எடையும் குறைவு. அதே குடும்ப இன்ஜின் 2023-ல் ஃப்ரான்க்ஸில் திரும்பி வந்துவிட்டதால், அதைத் தெரிந்த மெக்கானிக்குக்கும் பஞ்சமில்லை.

அபார்த் புன்டோ 145 பிஎஸ், 212 என்எம். இந்த விலைக்கு இவ்வளவு வேகம் வேறு சின்ன வண்டிகளில் வருவது அரிது. ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது என்பதுதான் சிக்கல். இன்ஜின் பாகங்கள் லீனியா டி-ஜெட்டோடு பொதுவாக இருப்பதால் கிடைக்கும். அபார்த்துக்கென்றே வந்த பம்பர், அலாய், சீட் துணிக்கு அலைய வேண்டும். வீட்டில் இன்னொரு வண்டி இருப்பவர்கள் மட்டும் எடுக்கலாம். ஸ்டியரிங் சுகத்துக்காகவே தேடுகிறவர்களுக்கு ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ் இருக்கிறது. ஆனால் அது 15 வயசைத் தாண்டியிருக்கும். பதிவைப் புதுப்பிக்க ஃபிட்னஸ் சோதனை உண்டு, பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை அதே வேலை.

எந்த வண்டியானாலும் முன்பணம் கொடுக்கும் முன், உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜேசி ரோட்டில் மூன்று பாகத்துக்கு விலை கேளுங்கள்: ஒரு ஹெட்லைட், கிளட்ச் செட், முன்பக்க ஷாக் அப்சார்பர் ஜோடி. மூன்றும் ஒரு வாரத்துக்குள் வருமா என்பதையும் கேளுங்கள். "ஆர்டர் போட்டா வரும் சார்" என்று இரண்டு கடைக்காரர் சொன்னால், சின்ன இடிபாட்டுக்கே வண்டி ஷெட்டில் ஒன்றரை மாதம் நிற்கும் என்று அர்த்தம்.

நம்பர் பிளேட்டும் விலையின் ஒரு பகுதிதான். கர்நாடகாவின் ஆயுள் வரி நாட்டிலேயே அதிகமானவற்றில் ஒன்று. 5 முதல் 10 லட்சம் வரையான காருக்கு 14 சதவீதம், அந்த வரிமேல் செஸ் தனி. டிஎன்-70 ஓசூர் வண்டியோ, டெல்லி வண்டியோ 50,000 குறைவாகச் சொல்லப்பட்டால் அதில் லாபம் இருக்கிறதென்று நினைக்க வேண்டாம். வேறு மாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் மறுபதிவு கட்டாயம். பழைய ஆர்டிஓவின் என்ஓசி, அதாவது ஆட்சேபமில்லைச் சான்று (படிவம் 28) வாங்கி, வண்டியின் வயசுக்கேற்பக் குறைத்துக் கணக்கிட்ட வரியை இங்கே மறுபடி கட்ட வேண்டும். பழைய மாநிலத்தில் மீதி வரியைத் திரும்பக் கேட்கலாம். கைக்கு வர நாளாகும். பெங்களூரிலேயே வைத்து ஓட்டுவதாக இருந்தால் கேஏ வண்டியே நிம்மதி.

விற்பவர் தன் பழைய ஆன்ரோடு பில்லைக் காட்டி விலை பேசுவார். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி குறைந்தபின் சின்ன கார்களின் புது விலையே இறங்கியது. இன்றைய ஷோரூம் விலையை வைத்துத்தான் பேரம் பேச வேண்டும்.

வண்டி பார்க்கப் போகும்போது காலை 7 மணிக்கு, இன்ஜின் ஆறியிருக்கும் நேரத்தில் போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள்; இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். ஆறிய இன்ஜினை முதலில் ஸ்டார்ட் செய்யும் இரண்டு மூன்று வினாடிதான் உண்மை சொல்லும். பழைய 1.2 டிஎஸ்ஐயில் அந்த நேரத்தில் ஆணிகளை டப்பாவில் குலுக்குவது போல் சத்தம் வந்தால், டைமிங் செயினோ டென்ஷனரோ தளர்ந்திருக்கிறது. சூடானபின் அந்தச் சத்தம் அடங்கிவிடும், அதனால்தான் மதியம் பார்க்கக் கூடாது. அபார்த்தின் டி-ஜெட் இன்ஜினில் செயினுக்குப் பதில் இருப்பது டைமிங் பெல்ட். மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றுக்கும் சேர்த்து விலையில் கழியுங்கள்.

டிஎஸ்ஜி வண்டியைக் காலி ரோட்டில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது வீண். முக்கால் மணி நேரம் டிராஃபிக்கில் ஓட்டுங்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது உதறல், ரிவர்ஸ் போட்டதும் ஒரு 'டொக்', சரிவில் தயக்கம் இவை வருகின்றனவா பாருங்கள். அந்த பிராண்டுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் கேரேஜில் கிளட்ச் அளவுகளைப் படிக்கச் சொல்லுங்கள். எந்தக் காரானாலும் ஓபிடி ஸ்கேனரில் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) பிழைக் குறியீடு இல்லை என்றதும் திருப்தியாகாதீர்கள். ரெடினஸ் மானிட்டர்கள், அதாவது கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள், முழுமையடையவில்லை என்று காட்டினால், யாரோ அந்தக் குறியீடுகளைச் சமீபத்தில் அழித்திருக்கலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் தனியாகத் தேட வேண்டும். 2022 செப்டம்பரில் சர்ஜாபூர் ரோடு, பெல்லந்தூர்ப் பக்கம் கார்கள் தண்ணீரில் நின்றது நினைவிருக்கும். அவற்றில் சில தேய்த்துக் கழுவி இன்னும் கைமாறுகின்றன. முன்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் மண் நிறக் கோடு தெரியும். சீட் தண்டவாள போல்ட்டில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி குழியில் வண்டல் இருக்கிறதா, கார்ப்பெட்டைத் தூக்கினால் கீழே உள்ள பஞ்சு ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக மணக்கும் வண்டியில் இந்தச் சோதனையை இரண்டு தடவை செய்யுங்கள்.

பெயின்டின் தடிமனை அளக்கும் மீட்டர் வாடகைக்கே கிடைக்கும். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான். 250-ஐத் தாண்டினால் மறுபெயின்ட்; 500-க்கு மேல் என்றால் அடியில் பட்டி. ஒரு கதவில் இருந்தால் பரவாயில்லை, இங்கே பைக் உரசாத கார் ஏது. கூரையிலோ பில்லரிலோ இருந்தால் வேண்டாம். டயரில் கடைசி நாலு எண், வாரமும் வருஷமும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். 'டாக்டர் ஓட்டின வண்டி சார்' என்று புரோக்கர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே சர்வீஸ் பில்களில் கிலோமீட்டர் வரிசையாக ஏறுகிறதா என்று பாருங்கள்.

ரீமேப் செய்த (திறனைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றியமைத்த) வண்டிக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாத மாற்றம் கிளெய்மில் இடிக்கும்.

பணம் கொடுக்கும் நாளில் அரசின் பரிவாகன் தளத்தில் ஆர்சி, கடன் பதிவு, நிலுவைச் சலான் மூன்றையும் பாருங்கள். கடன் இருந்திருந்தால் பேங்க் என்ஓசியோடு படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அவருடைய ஃபாஸ்டேகைக் கண்ணாடியிலிருந்து உரித்து அவரிடமே கொடுத்துவிடுங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அன்று காலை டிரினிட்டி சிக்னலில் கேமராவில் விழுந்த சலான் யார் தலையில் என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.