அக்சஸ் ஃபைல் அடிக்கடி கரப்ட் ஆகிறதா? ரிப்பேர் பட்டனை அழுத்தும் முன்

ஐந்தாறு பேர் நெட்வொர்க்கில் திறந்து வேலை செய்யும் அக்சஸ் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் புரோகிராம்) ஃபைல் ஒரு தடவை கெட்டால் தற்செயல் என்று விடலாம். மாதம் இரண்டு தடவை கெட்டால், கோளாறு பெரும்பாலும் ஃபைலுக்கு வெளியேதான். அக்சஸிலேயே உள்ள பழுது நீக்கும் பட்டனான 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' கொடுத்தால் ஃபைல் திறந்துகொள்ளும், தடயமும் போய்விடும்.

படி 1: பிழை 3343 (அன்ரெகக்னைஸ்டு டேட்டாபேஸ் ஃபார்மட்) வந்தவுடன் அதே ஃபோல்டரில், அதே பெயரில், எல்ஏசிசிடிபி (.laccdb) என்று முடியும் லாக் ஃபைலை (யார் யார் திறந்திருக்கிறார்கள் என்ற குறிப்பு) வேறிடத்தில் காப்பி எடுங்கள். கடைசி ஆள் வெளியேறினால் அது அழிந்துவிடும். பிறகு எல்லாரையும் வெளியேறச் சொல்லி, கெட்ட ஃபைலையும் காப்பி எடுத்துவிட்டு ரிப்பேருக்குப் போங்கள்.

அந்தக் காப்பியை நோட்பேடில் திறந்தால் கணினிப் பெயர்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'அட்மின்' என்று இருக்கும். அதைக் கண்டுகொள்ள வேண்டாம். வெளியேறியவர் பெயரும் அதில் மிச்சமிருக்கலாம் என்பதால் ஒரு பட்டியலை வைத்து யாரையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள். மூன்று நான்கு தடவை சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் வரும் பெயர் எது?

படி 2: அந்தக் கணினியிலும், ஃபைல் இருக்கும் கணினியிலும் ஈவென்ட் வியூவரை (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதியில் சம்பவத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகளைப் பாருங்கள். நிகழ்வு எண் (ஈவென்ட் ஐடி) 41 அல்லது 6008 இருந்தால் மின்சாரம் போயிருக்கிறது, அல்லது கணினி உறைந்து நின்றிருக்கிறது. 'டிஸ்க்' என்ற பெயரில் 7 அல்லது 153, அதுவும் ஃபைல் இருக்கும் கணினியில் வந்தால், மற்ற ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு பேக்கப் எடுத்து டிஸ்க்கை மாற்றுங்கள்.

படி 3: நெட்வொர்க். பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் முடிகின்றன. அக்சஸில் நடுவே சர்வர் புரோகிராம் கிடையாது. ஒவ்வொரு கணினியும் ஃபைலின் 4 கேபி பக்கங்களில் நேரடியாக எழுதுகிறது. ஒரு ரெக்கார்டு சேர்த்தால் டேட்டா பக்கம், இண்டெக்ஸ் பக்கம் என்று பல பக்கங்கள் மாறும். பாதியில் வைஃபை அறுந்தால் பாதி புதிது, பாதி பழையது. ஆகவே கேபிள் மட்டும். விபிஎன் (இணையம் வழியாக அலுவலக நெட்வொர்க்கில் சேர்வது), ஒன்டிரைவ் ஃபோல்டர் இரண்டும் ஆகாது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்த கார்டை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். ஃபைல் திறந்திருக்கும்போது கணினி ஸ்லீப்புக்குப் போகக் கூடாது.

படி 4: 'இன்கன்சிஸ்டன்ட் ஸ்டேட்' என்று செய்தி வந்தால் கதை வேறு. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்புக்குப் பிறகு பலருக்கும் வந்த தொல்லை இது. ஃபைல் இருக்கும் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகும் இடம்) லேன்மேன்சர்வர், பாராமீட்டர்ஸ் கீழே 'டிசேபிள்லீசிங்' என்று (இடைவெளி விடாமல், ஆங்கிலத்தில்: DisableLeasing) டிவேர்டு (DWORD, எண் வகைப் பதிவு) உருவாக்கி மதிப்பு 1 கொடுங்கள். சர்வர் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

படி 5: ஃபைலை இரண்டாகப் பிரியுங்கள். டேட்டாபேஸ் டூல்ஸ், மூவ் டேட்டா, அக்சஸ் டேட்டாபேஸ். டேபிள்கள் மட்டும் பொது ஃபோல்டரில். ஃபார்ம், ரிப்போர்ட் உள்ள ஃபைல் ஒவ்வொருவர் கணினியிலும் தனிக் காப்பி. பொது ஃபோல்டரில் எல்லாருக்கும் அழிக்கும் உரிமையும் வேண்டும். இல்லையேல் லாக் ஃபைல் அங்கேயே தங்கிவிடும்.

ரிப்பேருக்குப் பின் 'எம்சிஸ்காம்பாக்ட்எரர்' என்று ஒரு டேபிள் முளைத்திருந்தால் திறந்து பாருங்கள். எந்த டேபிளில் சேதம் என்று அதில் இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கெட்ட ஃபைல் என்றால், அடுத்த மாற்றத்துக்கு முன் குறைந்தது ஒரு மாதம் பொறுங்கள். வைஃபையை விடவே முடியாத இடம் என்றால் டேபிள்களை இலவச எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு (நடுவே சர்வர் புரோகிராம் உள்ள டேட்டாபேஸ்) மாற்றி, அக்சஸை முகப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.